பல் அறுவை சிகிச்சைக்கான மயக்கம்: கொடுப்பவர் யார், கவனிப்பவர் யார்?

தாடை எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவுடன், வலியும் பயமும் இல்லாமல் அதைச் செய்து முடிக்கும் மருத்துவர் யார் என்றே பெரும்பாலானோர் தேடத் தொடங்குகிறார்கள். சிகிச்சை நிலையங்களும் இதை அறிந்தே, தூங்கும்போதே சிகிச்சை முடிந்துவிடும் என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுகின்றன. சிரிப்பு வாயு, மாத்திரை, ரத்தக் குழாய்க்குள் மருந்தைச் செலுத்தும் நரம்பு வழி ஊசி, முழு மயக்கம் என்ற பட்டியல் எங்கே நீளமாக இருக்கிறதோ அந்த இடமே சிறந்தது என்று நோயாளியும் முடிவு கட்டிவிடுகிறார். இந்த முடிவுதான் கவலைக்குரியது. மயக்க மருந்தை யார் கொடுக்கிறார், கொடுத்தபின் நோயாளியின் மூச்சை யார் கவனிக்கிறார், நினைத்ததைவிட ஆழமாக அவர் மயங்கிப்போனால் மீட்டெடுக்க அங்கே யாருக்குத் தெரியும் என்ற மூன்று கேள்விகளுக்கான விடைகளைக் கொண்டே வாய் அறுவை நிபுணரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மயக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வலியைத் தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது. வாய் அறுவையில் வலியைத் தடுப்பது மரத்துப்போகச் செய்யும் ஊசியே. லிடோகெய்ன், ஆர்ட்டிகெய்ன் முதலிய மருந்துகள் நரம்பு இழைகளில் சோடியம் அயனிகள் நுழையும் வழிகளை அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மூளையை எட்டுவதில்லை. நோயாளி விழித்திருந்தாலும், அரை மயக்கத்தில் இருந்தாலும், பெரும்பாலும் முழு மயக்கத்தில் இருந்தாலும்கூட இந்த ஊசி போடப்படுகிறது. இதற்கு மேல் கொடுக்கப்படும் மயக்க மருந்து அச்சத்தைத் தணிக்கிறது. வாயில் கருவி பட்டவுடன் எழும் குமட்டலைக் குறைக்கிறது. நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருக்கும் சிரமத்தைத் தாங்க வைக்கிறது. நடந்தவற்றின் நினைவை மங்கச் செய்கிறது. பரவலாகப் பயன்படும் மிடாஸோலம் என்ற மருந்துக்கு வலியைப் போக்கும் ஆற்றலே கிடையாது. ஆகவே மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால், அரை மயக்கத்தில் இருக்கும் நோயாளி முனகுவார், தலையைத் திருப்புவார், கையை உயர்த்துவார். அந்நேரத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டு மரத்துப்போகும் ஊசியை மறுபடி போடும் மருத்துவர்கள் உண்டு. மயக்க மருந்தைக் கூட்டி அசைவை அடக்கிவிட்டு வேலையைத் தொடர்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரிடம்தான் நோயாளி யாரும் திட்டமிடாத ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறார். நல்ல மயக்கத்துக்கு அடிப்படை நல்ல மரத்துப்போகும் ஊசி என்பதை உணர்ந்த மருத்துவர் குறைந்த மயக்க மருந்தோடு வேலையை முடித்துவிடுவார்.

மயக்கத்தின் ஆழத்தை மருத்துவ உலகம் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. லேசான நிலையில் நோயாளி நிதானமாக இருப்பார். பேசினால் இயல்பாகப் பதில் சொல்வார். நடுத்தர நிலையில் கண் செருகியிருக்கும். ஆனாலும் பெயர் சொல்லி அழைத்தாலோ தோளை மெதுவாகத் தொட்டாலோ புரிந்துகொண்டு கண் திறப்பார். மூச்சுப்பாதை தானாகவே திறந்திருக்கும். ஆழ்ந்த நிலையில் திரும்பத் திரும்பத் தட்டினாலோ வலி உண்டாக்கினாலோதான் அசைவு தெரியும். மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கப் பிறர் உதவி தேவைப்படலாம். முழு மயக்கத்தில் எதற்கும் எழுப்ப முடியாது. இந்த நான்கும் காகிதத்தில்தான் தனித்தனிப் படிகள். உடலில் அவை ஒரே சரிவான ஆற்றங்கரை போலத் தொடர்ந்து இறங்குகின்றன. ஒரே எடையும் ஒரே வயதும் உடைய இருவருக்கு ஒரே அளவு மருந்து கொடுத்தால், ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் குறட்டை விடுவார். அதனால்தான் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் ஒரு விதியை வலியுறுத்துகின்றன: ஒரு நிலையில் மயக்கம் கொடுக்கத் திட்டமிடும் எவரும், நோயாளி அதற்கு அடுத்த ஆழமான நிலைக்கு நழுவிவிட்டால் அங்கிருந்து மீட்கும் திறன் உடையவராக இருக்க வேண்டும். நடுத்தர மயக்கம் கொடுக்கிறோம் என்று சொல்லும் மருத்துவருக்கு ஆழ்ந்த மயக்கத்தில் மூச்சு அடைபட்டவரைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுக்கான உரைகல் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

மருந்து போகும் வழி

சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு இவற்றில் மிகப் பாதுகாப்பானது. மூக்கின் மேல் பொருத்தும் முகமூடி வழியாக ஆக்ஸிஜனுடன் கலந்து வருகிறது. சில நிமிடங்களில் உடல் இலேசாகி, விரல் நுனிகளில் கூச்சம் தெரியும். வாயுவை நிறுத்தி ஐந்து நிமிடம் வெறும் ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் பெரும்பாலானோர் தெளிந்துவிடுவார்கள். பல் மருத்துவத்துக்கென்று செய்யப்படும் கருவிகள் ஆக்ஸிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஆக்ஸிஜன் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடும் தானே நின்றுவிடும். சளியால் மூக்கு அடைத்திருப்பவருக்கும், பயத்தில் வாயால் மூச்சு விடுபவருக்கும் இது சரியாக வேலை செய்யாது. வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்கள், விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்கள் ஆகியோருக்கு இதைத் தவிர்ப்பார்கள்.

மாத்திரை வடிவில் கொடுக்கும் மயக்கத்தை மிக எளிது என்று மக்கள் எண்ணுகிறார்கள். ஊசி இல்லை, கருவி இல்லை. ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தால் போதும் என்ற எண்ணம். உண்மையில் கணிக்கக் கடினமான வழி இதுதான். விழுங்கிய மருந்து இரைப்பையைக் கடந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் ஒரு பகுதி சிதைந்து, மீதிதான் ரத்தத்தில் கலக்கிறது. அரை மணியிலும் வேலை செய்யலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். வேலை செய்யவில்லையே என்று இரண்டாவது மாத்திரையைக் கொடுத்த பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தை எட்டும் ஆபத்து உண்டு. விழுங்கியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மாத்திரைதானே என்று கண்காணிப்பைத் தளர்த்தும் மருத்துவரைவிட, நரம்பு வழியாகச் சிறுகச் சிறுகக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு நிமிடமும் கவனிக்கும் மருத்துவர் பாதுகாப்பானவர்.

நரம்பு வழி ஊசியின் சிறப்பு, தேவைக்கேற்ப அளவைக் கூட்ட முடிவதுதான். ஒரு மில்லிகிராம் மிடாஸோலம் கொடுத்துவிட்டு, குறைந்தது இரண்டு நிமிடமாவது காத்திருந்து, கண் இமை தாழ்கிறதா, பேச்சு குழைகிறதா என்று பார்த்து, அதன்பிறகே அடுத்த சிறு அளவைக் கொடுப்பது முறை. முதியவர்களுக்கு அளவும் குறைய வேண்டும், காத்திருக்கும் நேரமும் கூட வேண்டும். கையில் போட்ட ஊசிக்குழாய் அப்படியே இருப்பதால் நெருக்கடி வந்தால் மருந்து செலுத்தவும் வழி தயாராக இருக்கும். இத்துடன் ஃபென்டனில் போன்ற வலி நிவாரணியைச் சேர்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி மூச்சை அடக்குகின்றன. தனித்தனியாகத் தீங்கற்ற அளவுகள் சேர்ந்தபின் தீங்காகலாம். மிடாஸோலத்துக்கு ஃப்ளூமாஸெனில், ஃபென்டனிலுக்கு நலோக்ஸோன் என்று அவற்றின் விளைவை முறிக்கும் மாற்று மருந்துகள் இருக்கின்றன. புரோபோஃபோல் என்ற பால்நிற மருந்துக்கு அப்படி எதுவும் கிடையாது. நடுத்தர மயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே அதன் அளவில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. அதைப் பயன்படுத்தும் இடத்தில் மயக்கத்துக்கென்றே தனியாகப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டு வேலை, ஒரு கை

மயக்கவியலின் வரலாற்றில் பல் மருத்துவர்களுக்கு முதன்மையான இடம் உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் சிரிப்பு வாயுவைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதரைக் கொண்டு அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்துக் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவரே. வெல்ஸின் பல்லைப் பிடுங்கியவர் ஜான் ரிக்ஸ். வாயுவைக் கொடுத்தவர் கார்ட்னர் கோல்ட்டன். முதல் நிகழ்விலேயே இரண்டு வேலையையும் இரண்டு பேர் செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பின்னாளில் பல நாடுகளில் அறுவை செய்பவரே மயக்கமும் கொடுக்கும் வழக்கம் வளர்ந்தது. வாய் மற்றும் முகத்தாடை அறுவை நிபுணர்கள் தங்கள் பயிற்சிக் காலத்தில் மருத்துவமனையின் மயக்கவியல் துறையில் பல மாதங்கள் பணியாற்றுகிறார்கள் என்பதால் இந்த வழக்கத்துக்கு வலுவான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் திறமையானவர்கள் மிகப் பலர். ஆயினும் மயக்க மருந்து ஆழமாகும்போது, எலும்பைத் துளைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கவனம் பல்லின் வேரிலும் கீழ்த்தாடை நரம்பிலும் இருக்கும். மூச்சில் முழுமையாக இருக்க இயலாது. வாய் அறுவையில் இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. வயிற்றிலோ காலிலோ அறுவை நடக்கும்போது மூச்சுப்பாதை மயக்க மருத்துவரின் கையில் தடையின்றி இருக்கும். இங்கே அறுவை நடக்கும் இடமே மூச்சு போகும் வழி. துளைக்கும் கருவியைக் குளிர்விக்கும் தண்ணீர், ரத்தம், பல்லின் துணுக்கு, பஞ்சு எல்லாமே தொண்டையை நோக்கியே செல்கின்றன. ஆழ்ந்த மயக்கத்தில் இவற்றில் ஒரு துளி குரல்வளையில் பட்டால்கூட அது இறுகி மூடிக்கொண்டு காற்று அறவே போகாமல் நின்றுவிடலாம். அந்தக் கணத்தில் முகமூடியை அழுத்திப் பிடித்து அழுத்தத்துடன் ஆக்ஸிஜன் கொடுக்கவும், தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்தவும் தயங்காத ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை நாடுகள் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டிருக்கின்றன. 2001 இறுதியோடு, சாதாரணப் பல் மருத்துவ நிலையங்களில் முழு மயக்கம் கொடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. தீவிர சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில் மட்டுமே அது அங்கே நடக்கிறது. அமெரிக்காவில் நிலையங்களிலேயே முழு மயக்கம் தொடர்கிறது; பல் மயக்கவியல் 2019-இல் அங்கே தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. நடுத்தர மயக்கம் கொடுக்க விரும்பும் பல் மருத்துவர் 60 மணி நேரப் பாடமும் 20 நோயாளிகளுக்கு நேரடியாக மயக்கம் கொடுத்த அனுபவமும் பெற வேண்டும் என்று 2016-இல் திருத்தப்பட்ட அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க வழிகாட்டுதல் கூறுகிறது. இருபது பேர் என்பது கீழெல்லை மட்டுமே. சான்றிதழ் வாங்கிய பிறகு மாதத்துக்கு ஓரிருவருக்கு மட்டும் மயக்கம் கொடுப்பவருக்கும், வாரந்தோறும் அதைச் செய்பவருக்கும் நெருக்கடியில் வேறுபாடு தெரியும்.

ஆகவே யாரிடம் போவது? எளிய பல் பிடுங்கலுக்கும் எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேரான இம்பிளான்ட் ஓரிரண்டுக்கும் மரத்துப்போகும் ஊசியும் சிரிப்பு வாயுவும் போதுமானால், அனுபவமுள்ள பொதுப் பல் மருத்துவரோ ஈறு நோய் நிபுணரோ தாராளமாகப் போதும். எலும்பில் புதைந்த பற்கள் பலவற்றை ஒரே அமர்வில் எடுப்பது, தாடையில் நீர்க்கட்டியை அகற்றுவது போன்றவற்றுக்கு வாய் மற்றும் முகத்தாடை அறுவை நிபுணரே பொருத்தமானவர். நடுத்தர மயக்கத்தை அவர் பயிற்சி பெற்ற உதவியாளருடன் சேர்ந்து கொடுக்கலாம். அதற்கும் ஆழமாகப் போக வேண்டுமென்றால், மயக்கத்தைத் தவிர வேறெந்த வேலையும் இல்லாத மயக்கவியல் மருத்துவர் ஒருவர் அறையில் இருக்கும் இடத்தையே நான் பரிந்துரைப்பேன். வெளியிலிருந்து மயக்கவியல் மருத்துவரை வரவழைக்கும் நிலையங்கள் பல உள்ளன. அவர் அறுவைக்கு முன்பே நோயாளியைப் பரிசோதிக்கிறாரா, முழுதும் தெளியும் வரை உடனிருக்கிறாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரையில் தெரியும் அலை

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை இன்று எல்லோரும் அறிவார்கள். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த கோட்பாட்டில் இயங்கும் அக்கருவி எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் மயக்கத்தின்போது அதை மட்டும் நம்புவது போதாது. அது காட்டுவது ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனை; மூச்சு ஓடுகிறதா என்பதை அது காட்டாது. மூக்கில் கூடுதல் ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டுள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் நுரையீரலில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கிறது. மருந்தின் ஆழத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மார்பு அசைவதுபோல் தோன்றலாம், காற்று போகவில்லை. விரல் கருவி 99 என்று காட்டுகிறது. ஒரு நிமிடம் கடந்தும் 98. அதன் ஒலியில் மாற்றம் இல்லை, அறையில் யாருக்கும் பதற்றம் இல்லை. எண் 90-ஐத் தொட்டு எச்சரிக்கை மணி அடிக்கும்போது கையிருப்பு ஏறத்தாழத் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு எண்கள் மளமளவென்று இறங்கும்.

மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் என்ற கருவி இந்த இடைவெளியை மூடுகிறது. மூக்கருகே பொருத்திய மெல்லிய குழாய் வழியாக ஒவ்வொரு மூச்சிலும் சிறிதளவு காற்றை இழுத்து அளந்து திரையில் ஓர் அலையாகக் காட்டும். மூச்சு நின்றால் அடுத்த சில விநாடிகளில் அலை நேர்கோடாகிவிடும். அப்போது செய்ய வேண்டியதும் மிக எளிது: பெயர் சொல்லி அழைத்து, தாடையை முன்னோக்கித் தூக்கி, ஆழமாக மூச்சு விடச் சொன்னாலே பல நேரங்களில் அலை திரும்பிவிடும். நடுத்தர மயக்கமும் அதற்கு மேலும் கொடுக்கும் இடத்தில் இக்கருவி உண்டா என்று கேட்பது, எத்தனை பட்டங்கள் சுவரில் தொங்குகின்றன என்று எண்ணுவதைவிடப் பயன் தரும். இதயத் துடிப்பின் அலையும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை எழுதுபவர் வேறு வேலைக்காக அறையை விட்டுப் போகக் கூடாது.

உங்கள் உடல் சொல்வது

மருத்துவரைத் தேர்வு செய்வதில் நோயாளியின் உடல்நிலைக்கும் பாதிப் பங்கு உண்டு. வேறு நோய் எதுவும் இல்லாத இளைஞருக்கு நிலையத்திலேயே பாதுகாப்பாகச் செய்யக்கூடிய அதே அறுவையை, இதயம் பலவீனமான ஒருவருக்கு மருத்துவமனையில்தான் செய்ய வேண்டியிருக்கும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இங்கே மிக முக்கியம். உரத்த குறட்டை, திணறி விழித்தெழுதல், பகலெல்லாம் தூக்கக் கலக்கம் ஆகியவை இருப்பவருக்கு இயல்பான தூக்கத்திலேயே தொண்டை அடைபடுகிறது. மருந்து தரும் தூக்கத்தில் அது மேலும் எளிதாக அடைபடும். நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால் மருத்துவர் வலிந்து கேட்க வேண்டும். ஒரே கட்டிலில் உறங்கும் துணைவர் சொல்வது இங்கே எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததாகாது.

நல்ல மருத்துவர் மயக்கம் பற்றிப் பேசுமுன் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார். மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-இல் விளக்கிய முறை இது. உள்நாக்கும் தொண்டையின் தூண்களும் தெளிவாகத் தெரிந்தால் மூச்சுக்குழாய் பொருத்துவது பொதுவாக எளிது; கடின அண்ணம் மட்டுமே தெரிந்தால் கடினமாகலாம். கழுத்தை எவ்வளவு பின்னால் சாய்க்க முடிகிறது, மோவாய் உள்வாங்கியிருக்கிறதா, வாய்க்குள் மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்றும் பார்ப்பார். ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்து வாய் திறக்கவே முடியாமல் போனவர்களுக்கு இந்தப் பரிசோதனை உயிர் காக்கும். நாக்கின் அடியிலும் தாடையின் கீழும் வீக்கம் பரவி, எச்சில் விழுங்க முடியாமல், குரலும் மாறியிருந்தால் எந்தப் பல் மருத்துவ நிலையத்திலும் மயக்கம் கொடுக்க அனுமதிக்கக் கூடாது. அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. படுக்க வைப்பதே மூச்சை அடைத்துவிடக்கூடும்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் சொல்ல வேண்டும் என்பது வெறும் சடங்கு அன்று. கிளாரித்ரோமைசின் என்ற நோய்க்கிருமிக் கொல்லி, இட்ராகோனஸோல் என்ற பூஞ்சை மருந்து, டில்டியாஸெம் என்ற இதய மருந்து ஆகியவை மிடாஸோலத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால் மயக்கம் ஆழமாகவும் நீளமாகவும் ஆகும். எடை குறைக்கவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் வாரமொரு முறை போட்டுக்கொள்ளும் செமக்ளூட்டைடு வகை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. முறைப்படி பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு மிச்சமிருக்கலாம். அந்த உணவு மேலே வந்து நுரையீரலுக்குள் போவதே பட்டினி விதியின் பின்னுள்ள அச்சம். தெளிந்த நீர் இரண்டு மணி, தாய்ப்பால் நான்கு மணி, எளிய உணவு ஆறு மணி, எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு எட்டு மணி என்ற இடைவெளிகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையோ சர்க்கரை மருந்தையோ நோயாளி தாமாக நிறுத்துவது கூடாது. அதைத் தருகிற மருத்துவருடன் பல் மருத்துவர் பேசி முடிவெடுக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஒரு படி கூடுதலான கண்டிப்பு வேண்டும். குழந்தையின் நாக்கு வாய்க்குப் பெரியது, மூச்சுப்பாதை குறுகியது, அடிநாச்சதை பருத்திருக்கும். உடலோ எடைக்கு ஏற்றபடி பார்த்தால் பெரியவரைவிட அதிக ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. மூச்சு நின்றால் பெரியவருக்குக் கிடைக்கும் அவகாசம் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. மரத்துப்போகும் ஊசியின் அளவிலும் தவறு நேர இடமுண்டு. 1.8 மில்லி கொண்ட இரண்டு சதவீத லிடோகெய்ன் குப்பி ஒன்றில் 36 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அமைப்பு குழந்தைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4.4 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 66 மில்லிகிராம். இரண்டு குப்பி போட்டாலே வரம்பு கடந்துவிடும். அதிக அளவு லிடோகெய்ன் வலிப்பை உண்டாக்கும். அதனுடன் மயக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சு மேலும் அடங்கும். நாலைந்து பற்களை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லும் மருத்துவரிடம் எடையைக் கொண்டு அளவைக் கணக்கிட்டாரா என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. குழந்தைக்கு ஆழ்ந்த மயக்கம் அல்லது முழு மயக்கம் கொடுக்கும் பல் மருத்துவ நிலையத்தில், அறுவை செய்பவரும் மயக்கத்தை மட்டும் கவனிக்கும் தகுதி பெற்ற இன்னொருவரும், இருவருமே குழந்தைகளுக்கான உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று 2019-இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. புறப்படும் முன் வீட்டிலேயே மயக்க மருந்தைக் கொடுத்து அழைத்து வாருங்கள் என்று யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. வரும் வழியில் இருக்கையில் தலை கவிழ்ந்து குழந்தையின் மூச்சு அடைபட்டால், ஓட்டுபவருக்கு அது தெரியப்போவதில்லை.

கேட்பதும் கிடைக்கும் பதிலும்

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு முதல் சந்திப்புக்குப் போகலாம். எந்த ஆழத்துக்கு மயக்கம் கொடுக்கப் போகிறீர்கள், ஏன் அந்த ஆழம், அதற்குக் குறைவாகச் செய்ய முடியாதா என்று தொடங்குவது நல்லது. யார் மருந்து கொடுப்பார், அவருடைய பெயரும் தகுதியும் என்ன, நம் நாட்டு விதிப்படி அவருக்கு அனுமதி உண்டா, அந்த நேரத்தில் அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அடுத்துக் கேட்க வேண்டும். அவசர நிலைக்கான ஒத்திகையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்ற கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். மீட்பு மருந்தும் மூச்சுக்குழாயும் மின்னதிர்ச்சிக் கருவியும் அலமாரியில் இருப்பது வேறு. நான்கு பேர் கொண்ட குழுவில் யார் தலைமாட்டில் நிற்பார், யார் மருந்தை எடுப்பார், யார் ஆம்புலன்ஸை அழைப்பார் என்று பழகியிருப்பது வேறு. ஒத்திகை செய்பவர்கள் இந்தக் கேள்வியால் சங்கடப்படமாட்டார்கள். மாதத்தையும் சொல்லி, என்ன சரியாக நடக்கவில்லை, எதை மாற்றினோம் என்றும் சொல்வார்கள். "இதுவரை எதுவும் நடந்ததில்லை, பயப்படாதீர்கள்" என்பது பதில் ஆகாது.

உங்கள் உடல்நிலைக்கு இங்கே மயக்கம் கொடுக்க மாட்டேன், மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்று ஒருவர் மறுத்தால், அவரிடம் திறமை இல்லை என்று எண்ணி, ஒப்புக்கொள்ளும் வேறொருவரைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. இது நான் மிகவும் வருந்தும் போக்கு. தன் எல்லையை அறிந்து மறுக்கும் மருத்துவரே நம்பத்தக்கவர். அவர் அனுப்பும் இடத்துக்குப் போவதே சரி. அதேபோல, லேசான பயத்தோடு வந்த நோயாளியிடம் ஆழ்ந்த மயக்கத்தை வற்புறுத்தும் இடத்தையும் தவிர்க்கலாம். வேலை விரைவில் முடியும் என்பது மருத்துவருக்கான வசதி. அந்த வசதிக்கான ஆபத்தை ஏற்பவர் நோயாளி.

வீட்டுக்கு அனுப்பும் முறையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளூமாஸெனில் கொடுத்துத் தெளிய வைத்த நோயாளியை உடனே அனுப்புவது ஆபத்து. அந்த மருந்தின் ஆற்றல் மிடாஸோலத்துக்கு முன்பே தீர்ந்துபோவதால் ஒரு மணி நேரத்தில் நோயாளி மறுபடியும் மயக்கத்தில் ஆழலாம். ரத்த அழுத்தமும் மூச்சும் பழைய நிலைக்கு வந்து, கூடுதல் ஆக்ஸிஜன் இல்லாமலே அளவு நிலைத்து, துணையின்றி உட்காரவும் தெளிவாகப் பேசவும் முடிந்த பிறகே அனுப்ப வேண்டும். உடன் வரும் பெரியவர் ஒருவர் இல்லாவிட்டால் அன்றைய சிகிச்சையைத் தள்ளிவைக்கும் நிலையம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நரம்பு வழி மயக்கத்துக்குப் பிறகு 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, கையெழுத்திடுவது, மது அருந்துவது ஆகியவை கூடாது. அன்றிரவு ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம் தொடர்ந்தாலோ எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், அதை எடுப்பவர் சிகிச்சை செய்த மருத்துவரா அல்லது வேறு யாருமா என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.